பாலம் எரிஞ்சா படம் அப்புறம் எடுக்கலாம்

1/ ரயிலைப் படமெடுக்க தண்டவாளம் ஓரமா நிக்கிறவரா நீங்க? ஒரு டாக்டரா உங்களுக்கு சில வார்த்தை.

2/ 2007 மார்ச் 15. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் யூனியன் பசிபிக் ரயில்வேயின் மரப்பாலம் ஒன்று எரிந்து சரிந்தது. மரம் உளுத்துப்போகாமல் இருக்க கிரியோசோட் ஏற்றியிருந்தார்கள். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. பத்திக்கிட்டா கரும்புகைதான்.

3/ அந்தப் புகையை சுவாசிச்சவர் உடனே மயங்கி விழணும்னு இல்ல. தொண்டை வீக்கம் சில மணி நேரம் கழிச்சும் வரலாம். குரல் கம்மிப்போச்சா? சளியில் கரி வருதா? மூக்கு முடி கருகியிருக்கா? "நல்லாத்தானே இருக்கேன்"னு வீட்டுக்குப் போகாதீங்க. நேரா ஆஸ்பத்திரி.

4/ பாலத்தடியில் காய்ந்த புல், சருகை அகற்றுவது ரயில்வேயின் வேலை. ஆனா அதை முதலில் பார்க்கிறது உங்க கண்ணா இருக்கலாம். அமெரிக்காவில் பி.என்.எஸ்.எஃப் நிறுவனம், சந்தேகமா எதையாவது பார்த்தா சொல்லுங்கன்னு ரயில் ரசிகர்களையே கேட்குது. அங்கே லெவல் கிராசிங் நீலப் பலகையில் அவசர எண் இருக்கும். இந்திய ரயில்வேக்கு 139.

5/ புகை தெரிஞ்சா பாலத்து மேல ஏறாதீங்க. புகை வராத பக்கமா தள்ளிப் போங்க. முதல்ல போன் பண்ணுங்க.