சல்லடை

ஜொகூர், கூலாயில் உள்ள எங்கள் வீட்டிற்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்ததற்குக் காரணம் அம்மாவின் கைகள். பல ஆண்டுகள் உணவகத்தில் மங்கு கழுவியதில் விரல்கள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. “சவர்க்காரத் தண்ணீரில் கைவைக்கக் கூடாது” என்றார் மருத்துவர். சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்காள் வாங்கித் தந்தார்.

அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கையே இல்லை. இரண்டாம் மாதம் நாற்றமெடுத்ததும், “பார்த்தியா?” என்று மறுபடி கையால் கழுவத் தொடங்கிவிட்டார். விடுதியிலிருந்து வந்த நான் அடித்தட்டை இழுத்துச் சல்லடையைத் திருகி எடுத்தேன். கறிவேப்பிலை, கடுகு, சம்பால் எண்ணெய்ப் பிசுக்கு! பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். தண்ணீர் பீய்ச்சும் சுழல்கையின் துளைகளைத் தென்னை ஈர்க்கால் குத்திவிட்டேன். கதவு ரப்பரைத் துடைத்து, மேல்தட்டில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்து, பாத்திரமின்றிச் சுடுநீரில் ஓடவிட்டேன். (குளோரோக்ஸ் வேண்டாம், உட்புற எஃகை அரிக்கும்.) நாற்றம் போனது.

1886-இல் இத்தகைய இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றவர் ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. நம் மீன்குழம்புச் சட்டியை அவர் பார்த்திருக்கமாட்டார்! ஆகவே, வாரந்தோறும் சல்லடை கழுவுவது என் பொறுப்பு. நான் வராத வாரம் தம்பியின் பொறுப்பு.

அலுமினியச் சட்டி உள்ளே போனால் கறுக்கும், பித்தளை விளக்கு மங்கும். அவற்றை நான்தான் கையால் தேய்க்கிறேன். அம்மா பக்கத்தில் நின்று குறை சொல்கிறார். விரல் வெடிப்புகள் ஆறி வருகின்றன.