வாலில் இருக்கிறது விஷயம்

இலக்கண வாத்தியார் என்றால் நமது நாட்டில் யாருக்கும் சற்று இளக்காரந்தான். கணக்கு வாத்தியாரிடம் பயமுண்டு. விஞ்ஞான வாத்தியாரிடம் மதிப்புண்டு. ‘பிரனௌன், அட்வெர்ப், ஸப்பார்டினேட் கிளாஸ்’ என்று கரும்பலகையில் எழுதிக் கோடு கிழிப்பவனுக்குக் கிடைப்பது கொட்டாவி ஒன்றே. “இதையெல்லாம் படித்துவிட்டா வெள்ளைக்காரக் குழந்தை பேசுகிறது?” என்று பெற்றோர் நம்மைக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் பாடஞ் சொல்வது வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு அல்லவே. சேரப்பணஞ்சேரிக் குழந்தைகளுக்கு அல்லவா?

படப்பையிலிருந்து ஒரகடத்துக்குச் செல்லும் சாலையில் இவ்வூரை நேயர்களில் பலர் கடந்து சென்றிருக்கலாம். ஏரியையும் நெல்லையும் நம்பியிருந்த பிரதேசம் இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இடையில் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் வேலை தொடங்கிய நோக்கியா ஆலை, 2014-இல் மூடப்பட்டும் விட்டது. ஆகையால் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லை உச்சரிக்கும்போது, கோவிலில் சுவாமி பெயரைச் சொல்வதுபோல் குரல் தாழ்கிறது.

நம்மிடம் படித்த பிள்ளை ஒருவன், ஏதோ ஒரு கம்பெனியில் (பெயர் இங்கே வேண்டாம்) பயிற்சியாளனாகச் சேர்ந்தான். வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ஒரே களை. வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்களாம்.

“பயிற்சி முடிந்ததுந்தான் ஸார், பெர்மனென்ட்!” என்றான்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். நடுப் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது: “யூ வில் பீ மேட் பெர்மனென்ட் ஆஃப்டர் ட்ரெயினிங், ஒன்லி இஃப் வேகன்ஸீஸ் எக்ஸிஸ்ட், அன்லெஸ் வீ டிஸைட் அதர்வைஸ்.”

இந்த ஒரு வாக்கியத்தில் இலக்கணப் புஸ்தகம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. பிரதிப்பெயர்கள் இரண்டு: ‘யூ’, ‘வீ’. வினையடைகள் இரண்டு: ‘ஒன்லி’, ‘அதர்வைஸ்’. சார்பு வாக்கியங்களும் இரண்டு: ஒன்று ‘இஃப்’பில் தொடங்குகிறது, மற்றொன்று ‘அன்லெஸ்’ஸில்.

முதலில் ‘ஒன்லி’. நம்மவர்கள் ஆங்கிலத்தில் “ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி” என்பார்கள். நேற்றுத்தான் வந்தேன் என்று பொருள். தமிழில் ‘தான்’ என்பது தனக்கு முன்னால் உள்ள சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ‘ஒன்லி’யையும் பின்னால் ஒட்டிவிடுகிறோம். நம் பிள்ளையும் அப்படியே ‘ஆஃப்டர் ட்ரெயினிங் ஒன்லி’ என்று சேர்த்துப் படித்து, ‘பயிற்சி முடிந்ததுந்தான்’ என்று மகிழ்ந்து போனான். கடிதம் எழுதியவரோ அச்சொல்லைத் தனக்கு அடுத்து வரும் ‘இஃப்’ மீது வைத்திருந்தார். நாம் அழுத்தம் என்று எண்ணிய இடத்தில் அவர் பூட்டுப் போட்டிருந்தார்!

அடுத்தது இன்னும் ஆழமான சங்கதி. தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை முன்னே வரும், முடிவு பின்னே வரும். “மழை பெய்தால், ஏரி நிரம்பினால், நாற்று நடுவோம்” என்கிறோம். ‘நடுவோம்’ என்ற முற்றுவினை வரும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும்; அது வந்துவிட்டால் வாக்கியம் முடிந்தது, எழுந்து போகலாம். ஆங்கிலமோ முற்றுவினையை முதலிலேயே கொடுத்துவிடுகிறது. ‘வில் பீ மேட் பெர்மனென்ட்’ என்றதுமே தமிழ்க் காது, சமாசாரம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறது. நிபந்தனைகள் ஒவ்வொன்றாக அப்புறம் வந்து, காலியான நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கின்றன.

அந்த வாக்கியத்தையே தமிழ் முறையில் திருப்பினோம்: “நாங்கள் வேறு விதமாகத் தீர்மானிக்காமல் இருந்து, காலியிடமும் இருந்தால் மாத்திரமே, பயிற்சிக்குப் பின் நீர் நிரந்தரமாக்கப்படுவீர்.” பையன் முகம் மாறிவிட்டது. “இப்படி எழுதியிருந்தால் எனக்கே புரிந்திருக்குமே ஸார்!” என்றான்.

‘வீ’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழுக்கு ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. வெளியே நிறுத்துவது மற்றொன்று. ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே ‘வீ’. ஆயுத பூஜையன்று “வீ ஆர் ஒன் ஃபாமிலி” என்னும்போது அது ‘நாம்’. “வீ டிஸைட்” என்னும்போது அதுவே ‘நாங்கள்’. (இக்கட்டுரையாளர் ஒற்றை ஆளாயிருந்தும் தம்மை ‘நாம்’ என்று சொல்லிக்கொள்வது பழைய பத்திரிகை வழக்கம், அதனால் யாருக்கும் வேலை போகாது.)

இந்த வித்தியாசங்கள் நாம் கண்டுபிடித்தவை அல்ல. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே, திராவிட மொழிகளின் இரண்டு வகைத் தன்மைப் பன்மையைப் பற்றியும், ‘ஹூ’, ‘விச்’ போன்ற சொற்களின் வேலையைப் பெயரெச்சமே செய்துவிடுவதைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார். அரசாங்கத்துக்கும் இது தெரியாமலில்லை. தொழிற்சாலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் வாயிலருகே எழுதி வைக்கவேண்டுமென்று 1946-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தொடர்ந்தாற்போல் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நிலையாணை வாயிலில் இரு மொழியில் தொங்கும். கையெழுத்திடும் கடிதம் மாத்திரம் ஒரு மொழியில் வரும். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

இப்போது எட்டாம் வகுப்பில் நாம் விளக்கங்களைக் குறைத்துவிட்டோம். வாக்கியத்தை நீளக் காகிதத்தில் எழுதிக் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுகிறோம். ‘இஃப்’, ‘அன்லெஸ்’, ‘அன்டில்’ எங்கே கண்டாலும் அங்கே வெட்டவேண்டும். வாலைத் தலைக்குக் கொண்டுவந்து ஒட்டித் தமிழில் படிக்கவேண்டும். “டு நாட் ஓபன் தி டோர் அன்டில் தி மெஷின் ஸ்டாப்ஸ்” என்பதைப் போன வாரம் ஒரு பெண் இப்படி வெட்டி ஒட்டினாள்: “மெஷின் நிற்கிறவரைக்கும் கதவைத் திறக்காதே.” அவளுடைய தாயார் இரவு ஷிப்டில் வேலை செய்பவர். பசை காய்வதற்குள் அந்தக் காகிதத்தை மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.