குற்றாலத்தில் கூட்டாஞ்சோறு

குற்றாலம் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அருவியைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, உடனே சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றால் வயிறு அப்படிக் கேட்கும்!

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். அம்மா இருந்தவரை, சமையலறையோடு ஒரு வீட்டை நாள் வாடகைக்கு எடுத்து, எல்லோரும் ஒன்றாகத் தங்குவோம். சொந்த வீட்டைப் பாகம் பிரிக்கும்போது அண்ணனுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மாவும் போன பிறகு, இந்த ஆடியில் நான்தான் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். “பிள்ளைகளுக்காக வாங்க” என்றேன். வந்தார்கள், தனித்தனி காரில்.

வழியில் தென்காசியில் இறங்கிக் காய்கறி வாங்கினோம். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விஸ்வநாதர் கோயிலையும் பார்த்தோம். இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 1990-ல் புதுப்பித்துக் கட்டியது. கோபுர வாசலில் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அவ்வளவு காற்று!

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்ததும் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்: “அத்தை, செங்கோட்டை பக்கம் போய் பார்டர் பரோட்டா சாப்பிடலாம்!” மெல்லிசான பரோட்டாவும் கோழி சால்னாவும் யாருக்குத்தான் பிடிக்காது? “அது ராத்திரிக்கு. மத்தியானம் ஆச்சி சமையல்” என்றேன்.

எங்கள் திருநெல்வேலிச் சீமையின் கூட்டாஞ்சோறு அது. சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய் என்று கொண்டுவந்து மரத்தடியில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அந்த விளையாட்டின் பெயர்தான் சோற்றுக்கும்.

அரிசி இரண்டு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், ஒரு துண்டு மாங்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் புளி. கடைசியில் தேங்காய் எண்ணெயில் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவே மணக்கும்.

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து காய் நறுக்கினான். தம்பி அடுக்களையில் தேங்காய் துருவினான். நடுவில் ஒரு கதவுதான். மதினி காயை வாங்கிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தாள்.

பருப்பு பாதி வெந்திருந்தது. அரிசியும் காயும் போட்டேன். புளிக்கரைசலை எடுத்தேன்.

“அக்கா, இப்பவே புளி ஊத்தாத. பருப்பு வேகாது. அம்மா கடைசியிலதான் ஊத்துவா” என்றான் தம்பி.

திண்ணையிலிருந்து குரல் வந்தது: “அவன் சொல்றது சரிதான்.”

யாரும் எதுவும் பேசவில்லை. மதினி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

சோறு குழைந்து வந்ததும் அண்ணன் உள்ளே வந்தான். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, தம்பியிடம் நீட்டினான். “ஏல, உப்பு பாரு.”

“கொஞ்சம் போடலாம்ணே.”

அவ்வளவுதான். பதினாலு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். வாழை இலையில் சுடச்சுடக் கூட்டாஞ்சோறு. தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ்வற்றலும். வெளியே சாரல். பரோட்டா கேட்ட பிள்ளைகள்தான் இரண்டாம் முறை முதலில் கை நீட்டினார்கள்.

வீட்டு விவகாரம் அன்றைக்குத் தீர்ந்துவிடவில்லை. ராத்திரி பரோட்டாவுக்கு மட்டும் ஒரே காரில் போனார்கள், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு.

நீங்களும் சீசனுக்குப் போனால் அடுப்புள்ள வீடாகப் பாருங்கள். தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டால் முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்குச் சமைக்க நிறைய நேரம் கிடைக்கும். திரும்பும்போது மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்க மறக்காதீர்கள். புளியை மட்டும் கடைசியில் ஊற்றுங்கள்!