ஜலோரிக் கணவாயை நோக்கி

தில்லியில் ஒரே அலுவலகத்தில் கணக்கெழுதி வாழ்பவர்கள் நாங்கள். எங்களுள் மூத்தவருக்கு அப்பொழுது வயது 52, இளையவருக்கு 43. இருவரும் சிறுவயதில் திருநெல்வேலிச் சீமையின் வரப்புகளில் வாடகைச் சைக்கிள் ஓட்டி விழுந்தெழுந்தவர்கள் என்பதைத் தவிர, பந்தயத்துக்குரிய தகுதி வேறொன்றும் எங்களிடம் இருந்ததில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசி மாதத்தில், இமாசலப் பிரதேசத்து மலைகளில் நான்கு நாள் நடைபெற்ற ஒரு சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டோம். அந்த அனுபவத்தை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இமயத்தில் பல நாள் நீளும் மலைச் சைக்கிள் பந்தயங்கள் நம் நாட்டில் மிகப் பழையவை அல்ல. ‘எம்.டி.பி. ஹிமாலயா’ என்னும் பெயர்பெற்ற பந்தயம் சிம்லாவில் தொடங்கியது 2005 ஆம் ஆண்டில்தான். நாங்கள் ஓடியது அத்துணைப் பெரியதன்று. எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்காக ஏற்பட்ட சிறு பந்தயம். அதில் இருவர் சேர்ந்து ஓர் அணி. முன் செல்பவர் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை. இரண்டாமவரின் சக்கரம் கோட்டைத் தொடும் நேரமே அணியின் நேரமாகக் கொள்ளப்படும். இந்த விதியின் பொருள் எங்களுக்கு மூன்றாம் நாள்தான் விளங்கிற்று.

தில்லி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 215 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி. அங்கே மலை ஏறிப் பழகுவது எவ்வாறு? விடியற்காலையில் ரிட்ஜ் காட்டின் மேடுகளில் ஏறியும் இறங்கியும் ஆறு மாதம் பழகினோம். கோடையின் புழுதியும் மழைக்காலத்துச் சேறும் எங்கள் ஆசிரியர்களாயின.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் சிறு ரயிலில் சென்றோம். 1903 இல் திறக்கப்பெற்ற அந்த 96 கிலோமீட்டர்ப் பாதையை யுனெஸ்கோ 2008 இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. நூற்றுக்கு மேற்பட்ட குகைகளில் நுழைந்து வெளிவரும் அந்த வண்டியிலிருந்து மலையைப் பார்க்கையில், ஏறுவது எளிது போலவே தோன்றியது. மறுநாள் வியாழக்கிழமை, சிம்லாவிலிருந்து நார்கண்டாவை நோக்கிப் புறப்பட்டபொழுது அந்த எண்ணம் அகன்றது. பிரதான சாலையை விட்டு விலகித் தேவதாரு மரங்களினூடே செல்லும் வண்டித்தடங்களில் வேரும் கல்லும் மாறி மாறி வந்தன. இளைஞர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். மாலையில் கடைசிக்கு முந்திய அணியாகக் கூடாரத்தை அடைந்தோம். கடைசி அணியினர் வந்து சேர்ந்ததும், அவர்களை நாங்கள் எழுந்து நின்று வரவேற்றோம்!

நார்கண்டா ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரம். அதனருகில் உள்ள கோட்கட், தானேதார் பகுதிகள் ஆப்பிளுக்குப் பெயர்போனவை. அமெரிக்காவிலிருந்து 1904 இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர், இம்மலையில் குடியேறி, இங்கேயே மணம் புரிந்து, 1916 இல் தம் தாய்நாட்டு ஆப்பிள் கன்றுகளைக் கொணர்ந்து நட்டார். நம் விடுதலைப் போரிலும் சேர்ந்து சிறை சென்றார். பின்னாளில் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டார். அயலிலிருந்து வந்த மனிதரும் அயலிலிருந்து வந்த மரமும் இம்மண்ணில் வேர்கொண்ட வரலாறு, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் நெஞ்சைத் தொடாமற் போகாது. நாங்கள் சென்ற சமயம் அறுவடைக் காலம். பெட்டி பெட்டியாக ஆப்பிள் ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு தோட்டக்காரர் எங்கள் சட்டைப் பைகளை நிரப்பிவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

இரண்டாம் நாள் இறக்கம். நார்கண்டாவிலிருந்து லூரி என்னும் இடத்தில் சட்லெஜ் ஆற்றைச் சேரும்வரை 1,700 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். இறக்கம் இளைப்பாறல் என்று எண்ணுவோர் ஏமாறுவர். பிரேக்கை ஓயாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். வளைவுக்கு முன்னரே அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிடுவதே முறை. எங்களுள் இளையவர் இதை மறந்தார். ஒரு வளைவில் பிரேக் தளர்ந்து, வண்டி சாலையோரத்து மண்மேட்டில் ஏறி நின்றது. முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. காலையில் கம்பளிக் கையுறை அணிந்து புறப்பட்டவர்கள், ஆற்றங்கரையில் வியர்வையில் நனைந்து நின்றோம். பாலத்தைக் கடந்தால் குலு மாவட்டம். அன்றிரவு ஆனி என்னும் ஊரில் தங்கினோம்.

மூன்றாம் நாளே பந்தயத்தின் உயிர்நாடி. 3,120 மீட்டர் உயரமுள்ள ஜலோரிக் கணவாயைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் அடைய வேண்டும். தவறினால் தரவரிசையில் இடமில்லை. காலையில் நன்றாகவே ஏறினோம். கனாக் என்னும் சிற்றூரைக் கடந்தபின் சாலை செங்குத்தாயிற்று. மிகச் சிறிய கியரிலும் பெடல் நகர மறுத்தது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கே. எத்தனை மூச்சு வாங்கினாலும் போதாதது போன்ற உணர்ச்சி ஏற்படும்.

மணி ஒன்று இருக்கும். மூத்தவர் வண்டியை விட்டிறங்கி ஒரு பாறையில் அமர்ந்துவிட்டார். கை நடுங்கிற்று, முகம் வெளுத்தது, பேச்சுக் குழறியது. மலை நோயோ என அஞ்சினோம். மலை நோயாயின், மேலே ஏறாமல் கீழே இறங்குவதே மருந்து.

“தம்பி, நீ மேலே போ. நான் மெல்ல வருகிறேன்” என்றார்.

“இருவரும் சேர்ந்தால்தானே அண்ணா கணக்கு? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டபின், “இன்று புரட்டாசிச் சனிக்கிழமை” என்றார்.

தாயார் கண்ட நேர்த்திக்கடனை ஏற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருப்பவர் அவர். விடியலில் ஒரு குவளை பால் பருகியதோடு புறப்பட்டிருக்கிறார். கடும் உழைப்பில் உடல் சேமித்து வைத்துள்ள சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும் என்பதை நாங்கள் படித்து அறிந்தவர்களே. பையில் கடலை மிட்டாயும் இருந்தது. ஆனால் அவர் வாங்க மறுத்தார்.

அருகே சாலை செப்பனிடும் கூலியாட்கள் உணவு உண்டுகொண்டிருந்தார்கள். ஒரு மூதாட்டி எழுந்து வந்து, எங்களைப் பார்த்து, “எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். “தில்லியிலிருந்து” என்றோம். “அது வேலை செய்யும் ஊர், பிறந்த ஊர் எது?” என்றார். தெற்கே, கடலுக்கருகில் என்றோம். “நாங்கள் ஜார்க்கண்டு. பனி விழுமுன் ஊர் திரும்புவோம்” என்று கூறியவர், இரண்டு ரொட்டியும் ஒரு வெல்லக்கட்டியும் கொண்டுவந்து மூத்தவர் மடியில் வைத்தார். தம் பங்கிலிருந்து எடுத்தது என்பது தெரிந்தது.

மூத்தவர் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்க் கண்மூடி, “கோவிந்தா” என்று சொல்லி உண்ணத் தொடங்கினார். அந்த அம்மையார் தகரக் குவளையில் தேநீரும் கொடுத்தார். அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது, பேச்சுத் தெளிந்தது. வந்தது மலை நோயன்று, பசியே என அறிந்து, மேலே செல்லத் துணிந்தோம்.

எஞ்சிய தூரத்தில் பெரும்பகுதியை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். கணவாயை அடைந்தபொழுது மணி 2-38. நேரம் குறித்தவர் தலையை அசைத்துவிட்டு ஏட்டில் ஒரு கோடு கிழித்தார். மறுநாள் பஞ்சார் வரை ஓட அனுமதி உண்டு. ஆனால் தரவரிசைப் பட்டியலில் எங்கள் பெயர் இராது. ஆறு மாத உழைப்பு அந்த ஒரு கோட்டில் முடிந்தது. வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

கணவாயின் உச்சியில் காளி கோயிலும் சில தேநீர்க் கடைகளும் உள்ளன. அங்கே ஒருவர் சுவையான செய்தி கூறினார். தெற்குச் சரிவில் விழும் மழை சட்லெஜுக்குச் செல்கிறது. வடக்குச் சரிவில் விழுவது தீர்த்தன் ஆற்றின் வழியே பியாஸைச் சேர்கிறது. ஓர் அடி இடைவெளியில் பிரிந்த நீர், பல நூறு கிலோமீட்டர் ஓடி, பஞ்சாபில் ஹரிகே என்னுமிடத்தில் மீண்டும் ஒன்றாகிறது.

அன்றிரவு மூத்தவர் தம் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினார். விரதம் முறிந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய மனைவியார் சிறிது நேரம் மௌனமாக இருந்தாராம். பின்பு, “இங்கே நான் படைத்தது தளிகை என்றால், அந்த அம்மாள் மடியில் வைத்ததும் தளிகைதான்” என்றாராம்.

நம் இளைஞர்கள் இத்தகைய பந்தயங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மலையில் வெற்றிபெற நல்ல வண்டியும் வலிய காலும் தேவை. துணைக்கு வந்தவர் என்ன உண்டார் என்று புறப்படும் முன்னரே கேட்டறிவதும் தேவை. இப்பொழுதெல்லாம் சைக்கிளில் ஏறுவதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்பது அதைத்தான்.