கேன் விலை வேறு, குளோரின் விலை வேறு

தூத்துக்குடி இறால் ஆலைகளில் ஷிஃப்ட் முடிந்ததும் மேசை, தட்டு, கத்தி, தரை என்று எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் குளோரின் தண்ணீர் விடுவார்கள். அந்தக் குளோரினுக்குக் கொட்டேஷன் வாங்கும் கொள்முதல் பிரிவு லிட்டருக்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என்றுதான் பார்க்கும். தரக்கட்டுப்பாட்டில் அனுபவமுள்ளவர் போடும் கணக்கு வேறு. மேசையில் போய் வேலை செய்கிற ஒரு கிலோ குளோரின் என்ன விலைக்கு வருகிறது என்பதே அவர் கேள்வி.

ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் குளோரின் 10 முதல் 12 சதவீதம். ப்ளீச்சிங் பவுடரில் 30 முதல் 35. கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 65 முதல் 70. உணவு படும் பரப்புகளில், மறுபடி அலசாமல் விடுவதற்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்ச அளவு 200 பிபிஎம். 1,000 லிட்டர் தொட்டியில் அந்த அளவைக் கொண்டுவர 200 கிராம் குளோரின் வேண்டும். ஹைப்போ என்றால் 2 லிட்டர், பவுடர் என்றால் சுமார் 600 கிராம், கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 310 கிராம்.

கணக்குக்காக இவற்றின் லிட்டர் அல்லது கிலோ விலையை முறையே 15, 30, 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ குளோரின் ஹைப்போவில் 150 ரூபாய், பவுடரில் 91, கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 308. காகிதத்தில் பவுடர்தான் மலிவு. ஆனால் அதிலுள்ள சுண்ணாம்பு கரையாது. கரைசலைத் தெளியவைத்து இறுத்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்ப்ரே முனை அடைத்துக்கொள்ளும். தண்ணீரின் பிஎச்சையும் அது ஏற்றிவிடும்.

பிஎச்தான் பலருடைய கணக்கில் விடுபடுகிறது. 6.5-இல் குளோரினில் ஏறத்தாழ 90 சதவீதம் கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 7.5-இல் பாதி. 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். டெஸ்ட் பேப்பர் 200 என்று காட்டினாலும் வேலை செய்வது 20 பிபிஎம் அளவுக்கே. அதற்காக ஹைப்போ கேனில் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும்.

ஹைப்போவுக்கு எதிரி வெயில். 10 டிகிரி கூடினால் அது சிதையும் வேகம் 3, 4 மடங்காகும். 10 சதவீதமாக வாங்கியது தகரக் கொட்டகையில் கிடந்து 6 சதவீதத்துக்கு இறங்கினால், 150 ரூபாய் குளோரின் 250 ரூபாயாகிவிடுகிறது. பில்லில் இது தெரியாது, டைட்ரேஷனில் தெரியும். மாதிரியில் பொட்டாசியம் அயோடைடும் அசிட்டிக் அமிலமும் சேர்த்ததும் பழுப்பு ஏறும். தயோசல்பேட்டைச் சொட்டச் சொட்ட அது வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போது ஸ்டார்ச் விட்டால் கருநீலம். அந்த நீலம் சட்டென்று மறையும் இடத்தில் ப்யூரெட்டைப் படித்தால் கேனின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் மேல், சரியாகக் கழுவாத மேசையில் எந்தக் குளோரினும் வீண். இறால் சாற்றின் புரதம் அதைத் தின்றுவிடும். அப்போது மூக்கில் ஏறும் நெடி பெரும்பாலும் குளோரமைன். அதைக் குளோரின் பலமாக இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சோப்புக்கும் பிரஷ்ஷுக்கும் செலவழிக்கிற காசு குளோரின் செலவைக் குறைக்கும்.

கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆர்டரில் விலையோடு தயாரிப்புத் தேதியையும், சரக்கு வந்திறங்கும் நாளில் இருக்கவேண்டிய குளோரின் சதவீதத்தையும் நிபந்தனையாக எழுதுங்கள். டைட்ரேஷன் முடியும்வரை லாரியை அனுப்பாதீர்கள்.