ஒரு மீட்டர் மதில்

அக்டோபர் 9, ரோத்தன்பர்க்

ரயிலடியிலிருந்து பத்து நிமிட நடை. ரோடர் வாசல் வந்துவிட்டது. பெட்டியை விடுதியில் போடுவதற்கு முன்பே மதிலைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "கல்லு எங்கேயும் ஓடிப் போயிடாதுடி" என்றாள் அக்கா. நியூரம்பர்க்கில் இருபது வருடமாக இருக்கிறாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் இங்கே கூட்டி வருவது அவள் வழக்கம். எனக்கு இதுதான் முதல் முறை.

வாசலை ஒட்டிய கற்படிகளில் ஏறினால் மதிலின் மேல்நடை. காவலர்கள் சுற்றி வந்த வழி. வெளிப்பக்கம் அம்புத் துளைகள் வைத்த ஆளுயரச் சுவர், உள்பக்கம் மரக் கைப்பிடி, தலைக்கு மேல் ஓட்டுக் கூரை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். உத்திரங்கள் தாழ்வானவை. "குனி, குனி" என்று சொல்லிக்கொண்டே அக்கா முன்னால் போனாள். கைப்பிடிக்குக் கீழே யாருடைய வீட்டுக் கொல்லையோ, ஓர் ஆப்பிள் மரம், கொடியில் காயும் துணி. அதற்கப்பால் செங்குத்தான சிவப்பு ஓட்டுக் கூரைகள். இப்படி இரண்டரை கிலோமீட்டர் தூரம் இறங்காமலே நடக்கலாம்.

சிறிது தூரம் போனதும் சுவரில் பதித்த சிறு பலகைகள் தென்பட்டன. நினைவுக் கற்கள் என்று முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் படித்தால் ஒரு பெயர், ஓர் ஊர், கீழே '1 மீட்டர்'. அடுத்ததிலும் அப்படியே. ஜெர்மானியப் பெயர்கள், அமெரிக்கப் பெயர்கள், ஜப்பானிய நிறுவனங்கள். பலகைகள் முடிகிற பாடாக இல்லை.

"இந்தப் பக்கம் முழுக்கத் திரும்பக் கட்டினது" என்றாள் அக்கா.

1945 மார்ச் 31, ஈஸ்டருக்கு முந்தைய நாள். மூடுபனியால் வேறோர் இலக்கைத் தாக்க முடியாமல் திரும்பிய அமெரிக்க விமானங்கள் இவ்வூரின் மேல் குண்டுகளைக் கொட்டின. 39 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 300 வீடுகளும் 9 மதில் கோபுரங்களும் 600 மீட்டருக்கு மேல் மதிலும் போயின. போருக்குப் பிறகு மதிலை மீட்டர் கணக்கில் தானமாகக் கேட்டு எழுப்பியிருக்கிறார்கள். ஒரு மீட்டருக்குப் பணம் கொடுத்தவர் பெயர் அந்த ஒரு மீட்டரில்.

உள்ளபடி எழுதுகிறேன்: எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அறுநூறு ஆண்டுக் கல் என்று நம்பி நான் கை வைத்திருந்த இடம் என் அம்மாவைவிட இளையது. அப்புறம் நடந்தபோது கண் ஊரைப் பார்க்கவில்லை. எது பழைய கல், எது புதுக் கல் என்று சுவரையே துழாவிக்கொண்டு வந்தது.

அக்டோபர் 10, ரோத்தன்பர்க்

காலையில் ஊரின் மேற்குக் கோடிக்குப் போனோம். அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1356-ன் நிலநடுக்கத்துக்குப் பிறகு அது நிலைக்கவில்லை. இப்போது தோட்டம். கீழே பள்ளத்தில் டௌபர் ஆறு, பனிக்குள் பாதி மறைந்து ஓடியது. தோட்டத்துக்குள் போகும் கோபுர வாசலில் ஒரு கல் முகம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. முற்றுகையிட்டவர்கள் தலையில் அந்த வாய் வழியாகக் கொதிக்கும் கீல் ஊற்றுவார்களாம். பெரிய மரக்கதவுக்குள்ளே ஓர் ஆள் குனிந்து நுழையும் திட்டிவாசல். இரவில் வாசல் அடைத்த பிறகு வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவதற்கு அது. நானும் குனிந்து நுழைந்து பார்த்தேன். தலை முதலில் உள்ளே போகிறது. பிடரி காவலனுக்கு வாகாகக் கிடைக்கிறது. அந்தக் கதவைச் செய்த தச்சன் மனிதர்களை அறிந்தவன்.

பகலில் யூதர் தெரு. ஊரின் வடபகுதியில் சின்னஞ்சிறு வீதி, சற்றே வளைந்து போகிறது. இடைக்காலத்து யூதத் தெரு இத்தனை வீடுகளோடு மிஞ்சியிருப்பது ஐரோப்பாவில் அபூர்வம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரபி மேயர் பென் பாருக் பல்லாண்டுகள் இவ்வூரில் இருந்தார். அவரிடம் படிக்க எங்கெங்கிருந்தோ மாணவர்கள் வந்தார்கள். 1274-ல் ரோத்தன்பர்க்கைப் பேரரசின் சுதந்திர நகரமாக உயர்த்தியவர் ருடால்ஃப் மன்னர். நாட்டை விட்டு வெளியேற முயன்ற ரபி மேயரை 1286-ல் சிறையில் அடைத்தவரும் அதே ருடால்ஃப்தான். மேயரை விடுவிக்கப் பெரும் தொகை திரட்ட அவர் மக்கள் தயாராக இருந்தார்கள். கொடுத்தால் நாளை ஒவ்வொரு ரபியையும் பிடித்துப் பணம் கேட்பார்கள் என்று அவரே தடுத்துவிட்டார் என்பது மரபு. 1293-ல் சிறையிலேயே இறந்தார். உடலைக் கொடுப்பதற்கு மேலும் 14 ஆண்டுகள் ஆயின.

1520-ல் யூதர்களை ஊர் முழுவதுமாக விரட்டியது. முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துச் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. நாஜிகளுக்கு இந்த மதில் ஊர் மிகவும் பிடித்துப் போயிற்று; ஜெர்மானிய ஊர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாகச் சுற்றுலா அழைத்து வந்தார்கள். 1938 அக்டோபரில், எஞ்சியிருந்த யூதர்களையும் வெளியேற்றினார்கள். நான் வந்திருப்பதும் அக்டோபரில். அந்தத் தெருவில் நின்றபோது நேற்றைய என் துழாவல் அற்பமாகப் பட்டது. மதிலைப் பார்க்கிற நாம் அது யாரை உள்ளே வைத்துக் காத்தது என்றே கேட்கிறோம். வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அதே கல் வேறு கல்.

யாக்கோபு தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மரப் பலிபீடத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இரவு விடுதி அறையில் அக்கா இன்னொன்று சொன்னாள். குண்டு விழுந்த பிறகும் ஊர் முழுதாக அழியவிருந்தது. அமெரிக்கப் பீரங்கிகள் வந்து நின்றுவிட்டன. போர்த்துறைத் துணைச் செயலராக இருந்த ஜான் மெக்ளாய், தன் தாய் இவ்வூரைப் பற்றிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். பீரங்கி வேண்டாம், பேசிப் பாருங்கள் என்றார். கடைசிவரை போரிட வேண்டும் என்ற ஹிட்லரின் கட்டளையை மீறி ஜெர்மானிய மேஜர் ஒருவர் ஊரை விட்டுக்கொடுத்தார். ஒரு தாய் பிள்ளையிடம் சொன்ன ஊர்க்கதை எத்தனை கூரைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 11, டிங்கல்ஸ்பூல்

பேருந்து மாறி மாறி வந்தோம். இங்கே குண்டு விழவில்லை. மதில், வாசல் கோபுரங்கள், அகழி நீரில் வாத்துகள், எல்லாம் இருந்தபடி. கூட்டமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா எங்கும் மதில்களை இடித்துச் சாலை போட்டார்கள். வியன்னாவின் மதிலை இடிக்க 1857-ல் பேரரசரே ஆணையிட்டார். இந்த ஊர்களிடம் இடித்து விரியும் அளவுக்குச் செல்வமோ ஜனமோ இல்லை. முப்பதாண்டுப் போரில் நொடித்தவை பிறகு தலையெடுக்கவில்லை. இருந்தும் கல்லுக்காக இங்குமங்கும் உடைக்கத் தொடங்கியபோது, பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1826-ல் தடை போட்டார். ஆக, வறுமை பாதி, ஓர் ஆணை பாதி.

மத்தியானம் மதிலோரம் சாரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவரிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். அவர் கற்களுக்கு இடையிலிருந்து சாம்பல் நிறப் பூச்சைச் சிறு உளியால் பொறுமையாகக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். முன்பு யாரோ சிமெண்டால் அடைத்ததாம். சிமெண்ட் கல்லைவிடக் கடினம். ஈரத்தை வெளியே விடாது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது உடைவது சிமெண்ட் அல்ல, கல். சுண்ணாம்புச் சாந்து மெத்தென்று இருக்கும், ஈரத்தை விட்டுவிடும், உடைய வேண்டி வந்தால் தானே உடைந்து கல்லைக் காக்கும். முப்பது நாற்பது வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பூசத்தான் வேண்டும். "இந்த மதிலில் எவ்வளவு பழைய கல்?" என்று கேட்கச் சொன்னேன். அக்கா மொழிபெயர்த்தாள். அவர் உளியை நிறுத்தி, கேள்வி விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: மாற்றாத மதில் எதுவும் நிற்காது, மாற்றினவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ரோத்தன்பர்க்கின் பலகைகளை இப்போது ஒரு முறை திரும்பப் போய்ப் படிக்க வேண்டும் போல இருக்கிறது.

அக்டோபர் 12, நோர்ட்லிங்கன்

இங்கே மதில் ஒரு முழு வட்டம். 5 வாசல்கள், சுமார் 2.7 கிலோமீட்டர், கிளம்பிய படிக்கே கூரையின் கீழாகவே நடந்து திரும்பி வந்துவிடலாம். வந்தோம். மதிலின் உட்புறத்தில் குருவிக்கூடுகள் போலச் சிறு வீடுகள் ஒட்டியிருக்கின்றன. மதிலே அவற்றுக்குப் பின்சுவர். ஒரு சன்னலில் கறிவேப்பிலை நிறத்தில் ஏதோ செடி வளர்த்திருந்தார்கள். "கறிவேப்பிலையா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தோம். இல்லை.

நடு ஊரில் புனித ஜார்ஜ் தேவாலயத்தின் கோபுரம். ஊரார் அதை 'டேனியல்' என்று ஆள் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். உயரம் சுமார் 90 மீட்டர், 350 படிகள். முழங்கால் வலி என்று அக்கா கீழே இருந்துவிட்டாள். உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் ஒரு தட்டு; விளிம்பு மதில். அதற்கும் வெளியே வயல்களைச் சுற்றி இன்னொரு வளையமாகக் குன்றுகள். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து குடைந்த பள்ளத்தின் கரை அது; குறுக்களவு 25 கிலோமீட்டர் போல. வெகு காலம் எரிமலை வாய் என்றே நம்பியிருந்தார்கள். 1960-ல் புவியியலாளர்கள் ஷூமேக்கரும் சாவோவும் இங்குள்ள பாறையில் கோயசைட் இருப்பதைக் காட்டினார்கள். பேரதிர்ச்சியின் அழுத்தத்தில் உருவாகும் தாது. எரிமலையால் அதை உண்டாக்க முடியாது. அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் நிலவுக்குப் போகுமுன் பாறைகளைப் படிக்க இங்கேதான் வந்தார்கள். நான் ஏறி நின்ற கோபுரமும் அந்த மோதலில் பிறந்த சூவைட் கல்லால் ஆனது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் உண்டு. எந்தக் கல் பழையது என்று மூன்று நாளாகத் தேடியவள் கைப்பிடிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

இரவு பத்து மணிக்குச் சதுக்கத்தில் நின்றோம். இங்கே இன்றும் கோபுரக் காவலர் உச்சியில் நின்று பத்து முதல் பன்னிரண்டு வரை அரை மணிக்கொரு முறை குரல் கொடுக்கிறார். 1440-ல் லஞ்சம் வாங்கிய காவலன் ஒரு வாசலைத் தாழிடாமல் விட்டதாகவும், கதவில் உரசிய பன்றியால் ஊர் விழித்துக்கொண்டதாகவும் அந்தக் குரலுக்கு ஒரு கதை. மணி அடித்து ஓய்ந்தது. மேலே ஒரு மனிதக் குரல், நீட்டி, இறங்கி. "சோ, க்ஸெல், சோ." 'ஆச்சு தோழா, ஆச்சு' என்று எனக்குக் கேட்டது. முன்பு மதில் வாசல்களிலிருந்து காவலர்கள் பதில் குரல் கொடுப்பார்களாம். இப்போது பதில் இல்லை. கடை ஒன்றின் விளக்கு அணைந்தது.

"பத்தரைக்கு இன்னொரு தடவை கேட்டுட்டுப் போகலாமா?" என்றாள் அக்கா.

என் சால்வையில் பாதியை அவள் தோளில் போட்டேன். நின்றோம்.