அந்தமான் பயணம் – 3: மழைத் தீவில் குடத்து வரிசை

சென்ற பகுதி முழுக்கக் கப்பலிலேயே போய்விட்டது. சென்னையிலிருந்து சுமார் அறுபது மணி நேரக் கடல், அதில் பாதி நேரம் எனக்கு வாந்தி. அதைப் படித்துவிட்டு, விமானத்தில் இரண்டே கால் மணி நேரத்தில் போயிருக்கலாமே என்று என் நாத்தனார் கேட்டாள். போயிருக்கலாம்தான். சரி, இனி நிலம்.

இறங்கிய ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆட்டோக்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான், எனக்கும் அதுவே வருகிறது. வேலூரை அடுத்த எங்கள் கணியம்பாடியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே முதலில் குழம்புவது பொழுது. வேலூருக்குக் கிழக்கே பதின்மூன்று டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிற ஊர், ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடையதே. அதனால் நம்மூரைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே விடிந்து, முன்னதாகவே இருட்டிவிடுகிறது. ஜனவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் கடைகளில் விளக்கு போட்டுவிட்டார்கள்.

நாங்கள் தங்கிய லாட்ஜ்காரருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், பிறந்து வளர்ந்தது தீவில். என் காலைப் பார்த்ததும் கேட்டார், "அக்கா, தோல் செருப்பா? இங்கே ஒரு மழைக்காலம் தாங்காதே. பூஞ்சை பிடிச்சிடும்." ஷூ கம்பெனியில் பல வருடம் தையல் பகுதியில் இருந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போடாமல் நாங்கள் ஒரு ஜோடியும் அனுப்பியதில்லை. ஆனால் ஊரே ரப்பர் செருப்பில் நடப்பதை அங்கேதான் பார்த்தேன்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த யூனியன் பிரதேசத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிகளும் இந்திக்காரர்களும் அதைவிட அதிகம். அபர்தீன் பஜாரில் இட்லி கிடைக்கும், வெற்றிமலை முருகன் கோயிலில் காவடி பார்க்கலாம். பொதுமொழி என்னவோ இந்திதான். லாட்ஜ்காரரின் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டு அம்மாவிடம் தமிழில் புகார் சொல்கிறார்கள். நம்மையெல்லாம் அவர்கள் 'மெயின்லேண்ட்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள்.

பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். மூன்றாகப் பிரிப்பதற்கு முந்தைய நம் வேலூர் மாவட்டத்தைவிடப் பெரிது. மக்களோ 2011இல் 3.8 லட்சம்தான், பழைய வேலூர் மாவட்டத்தில் இருந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு. எண்பது சதவீதத்துக்கு மேல் காடு. மழை வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர், தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நமக்கு ஆயிரத்தைத் தொட்டாலே ஏரி நிறைந்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் போன எனக்கு, மறுநாள் காலை தெருக் குழாயடியில் குடங்களைப் பார்த்ததும் நம்ப முடியவில்லை. அதே பிளாஸ்டிக் குடங்கள், அதே வரிசை, "இது என் இடம்" என்ற அதே சத்தம், இந்தியில். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், மோசமான வருடத்தில் அதுவும் தள்ளிப்போகும் என்றார் லாட்ஜ்காரர். நம்மூர்ப் பேச்சைக் கப்பலேறிப் போய்க் கேட்டது போலிருந்தது.

காரணம் நிலத்தின் அமைப்பு. தீவு நீளமாக, ஒடுக்கமாக இருக்கிறது. நடுவே செங்குத்தான மலை, இறங்கினால் கடல். பெய்த மழை ஓடைகளில் புரண்டு சில மணி நேரத்திலேயே உப்பில் கலந்துவிடும். ஆறு என்று மதித்துச் சொல்ல வடக்கு அந்தமானில் கல்பாங் இருக்கிறது, அதில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும் உண்டு. அது எங்கோ, தலைநகரம் எங்கோ. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள போர்ட் பிளேருக்குப் பிரதான ஆதாரம் தனிகாரி அணை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை ஓய்கிறது. சுற்றுலாப் பயணிகள் குவிவதும் அதே மாதங்களில்தான். அணை வற்றும்போது லாட்ஜ்கள் நிறைகின்றன. என்னையும் சேர்த்துத்தான்.

இந்தத் தாகம் புதிதில்லை. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அமைத்த முதல் குடியேற்றம் மூன்றே ஆண்டுகளில் வடக்கே மாற்றப்பட்டு, நோயால் ஆட்கள் மடிய, 1796இல் கைவிடப்பட்டது. 1858இல் கைதிகளோடு திரும்பி வந்த ஆங்கிலேயர் தலைமையிடமாகப் பிடித்தது ராஸ் தீவை. இன்றைய பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. அரை மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய திட்டு. நடன அரங்கு, ரொட்டி அடுமனை, தேவாலயம் எல்லாம் ஆலமர வேர்களுக்குள் இடிந்து கிடக்கின்றன. எல்லோரும் அங்கே மானோடு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையின் இடிபாட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்த ஊரானாலும் முதலில் அதைத்தான் கட்டியாக வேண்டும்.

செல்லுலார் சிறை பற்றி எழுதாத பயணக் கட்டுரை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1906இல் முடிந்தது, ஏழு கிளைகள், 698 தனியறைகள். இன்று மிஞ்சியவை மூன்று கிளைகள். செக்கில் மாடுபோல் பூட்டி ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டச் சொன்ன இடம். ஒலி-ஒளிக் காட்சியைவிட, காலையில் கூட்டம் சேருமுன் போய் ஒரு அறைக்குள் நிற்பதே மேல்.

ஊருக்குத் தெற்கே சிப்பிகாட்டில் இறங்கிப் பார்த்தோம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சுனாமி அலை திரும்பிப் போன பிறகும் கடல் வயல்களை விட்டுப் போகவில்லை. நெல் விளைந்த இடத்தில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீரை உப்பாக்கியது தோல் ஷாப்புக் கழிவு, அதற்காக 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே வழக்குப் போட ஆளில்லை.

தகரக் கூரைக்குக் கீழே பீப்பாய் வைத்து மழை பிடிக்கும் வீடுகள் நிறைய. அதுதான் சரியான வழி என்பது என் கட்சி. கணியம்பாடிப் பெண்கள் நூறு நாள் வேலையில் நாகநதியில் செறிவூட்டும் கிணறு இறக்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். நமக்கு வாய்த்ததைப்போல மூன்று மடங்கு மழை பெறும் தீவுக்கு, ஓடைக்கு ஓடை சிறு தடுப்புகள்தான் முதலில் வேண்டும். புது ஓட்டல்கள் அதற்குப் பிறகு வரட்டும். கோடையில் போகிறவர்கள் ஷவரை மறந்துவிட்டு ஒரு வாளியில் குளியுங்கள், அறையைவிட்டுக் கிளம்பும்போது குழாயை ஒருமுறை பாருங்கள்.

அடுத்த பகுதியில் பாராடாங். அதற்குப் போகும் சாலைக்கு எண் 4. முன்பு நம் ராணிப்பேட்டை வழியாகப் போன நெடுஞ்சாலையின் எண் அது, 2010இல் எண்களை மாற்றியபோது கடல் தாண்டிப் போய்விட்டது. ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து முதல் வாகன வரிசை காலை 6 மணிக்குப் புறப்படும். வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டே படிக்க வாருங்கள்.